மகளுக்கு மீனாட்சி என்று பெயர் வைக்கும்முன்

மீன, அக்ஷி என்ற இரண்டும் சேர்ந்தது மீனாக்ஷி: மீன் போன்ற கண்ணுடையவள். ‘க்ஷ’ தமிழில் ‘ட்ச’ ஆகும்; பக்ஷி பட்சியானது போலத்தான். ‘மீன் கொடியின் ஆட்சி’ என்று பாண்டியரோடு முடிச்சுப் போடுவது கேட்க அழகு, ஆனால் சொல் அப்படிப் பிரியாது. வடமொழியின் ‘மீன’, நம் ‘மீன்’ அங்கே போய் உருவானது என்பதே மொழியியலாளர் பலரின் கருத்து. தனித்தமிழ் வேண்டுமா? சம்பந்தர் பாடிய அங்கயற்கண்ணி இருக்கிறது. கயற்கண்ணி என்று சுருக்கலாம்.

மதுரை நாயக்கர்களின் கடைசி அரசியும் மீனாட்சிதான். செட்டிநாட்டில் மீனாள், வீட்டில் மீனா, மீனு. மீனாட்சிசுந்தரம் மட்டும் ஆண் பெயர்.

சிக்கல் வருவது ஆங்கில எழுத்தில். கடைசி அசையைக் ‘கே எஸ் ஹெச் ஐ’ என்று ஓரிடத்திலும் ‘டி சி ஹெச் ஐ’ என்று வேறிடத்திலும் எழுதிவிடுவார்கள். பாஸ்போர்ட்டுக்குப் போகும்போது ஆதார் ஒன்று சொல்லும், பள்ளிச் சான்று வேறொன்று சொல்லும். தொடக்கத்தில் ‘இ’ இரண்டா, ‘ஐ’ ஒன்றா என்பதும் அப்படியே. ஒரே வடிவத்தைத் தாளில் எழுதிக் கையில் கொண்டுபோங்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அப்போது பெயர் முடிவாகாவிட்டால் பதறாதீர்கள்: 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணம் உண்டு. சான்றிதழ் கைக்கு வந்ததும் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ‘மினாட்சி’ என்று குறிலாக அச்சாவது சாதாரணம்.