ஜென் போட்டபின் லேப்டாப் பூட் ஆகவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டான். "அண்ணே, ஜென் போட்டேன். ஆன் பண்ணினா கறுப்புத் திரை, அப்புறம் தானா ரீஸ்டார்ட் ஆகுது. கடையில உப்புக்காத்துல போர்டு போயிருக்கும்னு சொல்லிட்டாங்க" என்றான். ஜென் என்பது ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்ட உதவும் மென்பொருள். அவன் அக்கா நகையை அடகு வைத்து வாங்கிக்கொடுத்த லேப்டாப் அது. முகம் வாடிப் போயிருந்தான்.

நம் கரையில் உப்புக்காற்று எதையும் அரிக்கும், உண்மைதான். ஆனால் நேற்றுவரை ஓடிய லேப்டாப் ஜென் போட்ட கையோடு நின்றால், போர்டைச் சந்தேகிப்பது கடைசியில்தான். அன்று செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். அவனிடம் இருந்தது டெபியன் 12 என்ற லினக்ஸ், ஜென் 4.17. கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன்; நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

சாதாரணமாக, இயங்குதளத்தை எழுப்பும் க்ரப் என்ற சிறு நிரல், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை நேராக எழுப்பிவிடும். ஜென் போட்டால் க்ரப் முதலில் ஜென்னை எழுப்பும். ஜென்தான் லினக்ஸை எழுப்பும்; அந்த லினக்ஸுக்கு டாம்0 என்று பெயர். அதன்பிறகே டிஸ்க் திறக்கும். ராமேஸ்வரம் ரயில் வரவில்லை என்றால் மண்டபத்தில் நிற்கிறதா, பாம்பன் தாண்டிவிட்டதா என்றுதானே கேட்போம்? இங்கேயும் அதே கேள்விதான்.

படி 1: சார்ஜரைச் செருகிவிட்டு ஆன் செய்யுங்கள். க்ரப் பட்டியல் வராவிட்டால் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய், ஜென் என்ற பெயர் இல்லாத வரியைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் வழக்கம்போல் வந்துவிட்டதா? சரி, போர்டுக்கு ஒன்றுமில்லை. தம்பியின் முகம் இங்கேயே தெளிந்துவிட்டது.

படி 2: மறுபடி ரீஸ்டார்ட் செய்து, இப்போது ஜென் வரியின் மேல் நின்று 'ஈ' விசையை அழுத்துங்கள். மல்டிபூட்2 என்று தொடங்கும் வரி ஜென்னுடையது. அதன் கீழே மாட்யூல்2 என்று தொடங்கும் முதல் வரி லினக்ஸ் கர்னலுடையது. ஜென் வரியின் கடைசியில் இடைவெளி விட்டு 'விஜிஏ=கீப்', இன்னோர் இடைவெளி விட்டு 'நோரீபூட்' சேருங்கள். முதலாவது, ஜென் எழுதும் செய்திகளைத் திரையிலேயே வைத்திருக்கும். இரண்டாவது, ஜென் விழுந்தாலும் தானாக ரீஸ்டார்ட் ஆகவிடாது. கர்னல் வரியில் 'கொயட்' இருந்தால் எடுத்துவிடுங்கள். எஃப்10 அழுத்துங்கள். இந்த மாற்றம் இந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், பயம் வேண்டாம். திரையில் கடைசியாக நிற்கும் வரிகளைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படியைத் தாண்டாமல் யாரும் லினக்ஸைத் திரும்ப இன்ஸ்டால் செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் தெரியாமல் இன்ஸ்டால் செய்தால் அதே இடத்தில் மறுபடி நிற்கலாம்.

படி 3: அந்த வரிகளைப் படியுங்கள். தம்பியின் திரையில் 'டொமைன் 0 அலொகேஷன் இஸ் டூ ஸ்மால்' என்று நின்றது. டாம்0-வுக்கு ஒதுக்கிய நினைவகம் போதவில்லை என்று பொருள். எங்கோ படித்து 'டாம்0_மெம்=2048' என்று போட்டிருந்தான். பின்னால் எம் என்ற எழுத்து இல்லை. எழுத்து இல்லாவிட்டால் ஜென் அதைக் கிலோபைட்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். அவன் கொடுக்க நினைத்தது 2 ஜிபி, கொடுத்தது 2 எம்பி. அதில் கர்னல் எப்படி உட்காரும்? '2048எம்' என்று மாற்றியதும் எழுந்துவிட்டது.

உங்கள் திரையில் வேறு செய்தி இருக்கலாம். ரூட் கோப்பு முறைமையை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று கர்னல் பேனிக் (கர்னல் மேலே போகமுடியாமல் நின்றுவிடுவது) வந்தால், டிஸ்க்கைத் திறக்கக் கர்னலுக்கு உதவும் இனிட்ரேம்எஃப்எஸ் என்ற தொடக்கக் கோப்பு அரைகுறையாக இருக்கலாம். அப்டேட் நடுவில் கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்தால் இப்படி ஆகும். நம் ஊரில் இது சாதாரணம். படி 1-இல் சொன்ன பட்டியலில், ஜென் பெயர் இல்லாத பழைய பதிப்புக் கர்னல் ஒன்றில் நுழைந்து, பூட் பகுதியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 'சூடோ அப்டேட்-இனிட்ரேம்எஃப்எஸ் -யு -கே ஆல்' கொடுங்கள். செய்தி எதுவுமின்றித் திரை கறுத்தால் கிராபிக்ஸ் காரணமாக இருக்கலாம்: கர்னல் வரியில் 'நோமோட்செட்' போட்டுப் பாருங்கள். இன்டெல் கிராபிக்ஸ் என்றால் ஜென் வரியில் 'ஐஓஎம்எம்யூ=நோ-ஐஜிஎஃப்எக்ஸ்' என்பதையும் முயலலாம். க்ரப்பே செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளை எழவிடாத பாதுகாப்பு) பெயரைச் சொல்லி மறுத்தால், கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் அதை அணைக்கவேண்டும்.

பயாஸில் விடி-எக்ஸ் (மெய்நிகர் கணினிகளை ஓட்ட ப்ராசசர் தரும் உதவி) அணைந்திருப்பதுதான் காரணம் என்று பலர் அங்கே ஓடுகிறார்கள். அது இல்லாமலும் டாம்0 எழும். விண்டோஸ் போன்ற விருந்தினர் கணினியை ஜென் மேல் ஓட்டும்போதுதான் அது தேவை.

படி 4: பலித்த மாற்றத்தை நிரந்தரமாக்குங்கள். இடிசி அடைவில் டிஃபால்ட், அதற்குள் க்ரப் என்ற கோப்பில் அதை எழுதுங்கள். டெபியனில் ஜென்னுக்கென்று அதே டிஃபால்ட்டுக்குள் க்ரப்.டி அடைவில் தனிக் கோப்பும் உண்டு. தம்பியின் தவறு அதில்தான் இருந்தது. திருத்திவிட்டு 'சூடோ அப்டேட்-க்ரப்' கொடுக்க மறக்காதீர்கள். ரீஸ்டார்ட் ஆனதும் 'சூடோ எக்ஸ்எல் லிஸ்ட்' அடியுங்கள்; ஜென் மேல் ஓடுபவற்றையும் அவற்றின் நினைவகத்தையும் அது காட்டும்.

டொமைன்-0, பக்கத்தில் 2048 என்று அவன் திரையில் வந்தபோது இருட்டிவிட்டது. சாதாரண கர்னலை மட்டும் எப்போதும் அழித்துவிடாதே தம்பி என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன்.