மானாவாரி மல்லாட்டை: மழை பெய்தும் மகசூல் குறைவது ஏன்?

திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து மேட்டு நிலங்களில் ஆடிப்பட்டத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலைதான் பல குடும்பங்களுக்கு அந்த வருஷத்துக் காசு. பருப்பு விற்பனைக்கு, கொடி மாட்டுக்கு. மழை பொய்த்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. நல்ல மழை பெய்த வருஷத்திலும் மூட்டை குறைந்தால், காரணம் பெரும்பாலும் கைவேலையில்தான்.

முதல் தூறலுக்கே விதைத்துவிடுவார்கள். மேல்மண் ஈரத்தில் விதை ஊறி முளைவிடும். அடியில் ஈரம் இல்லாததால் முளை கருகிவிடும். மண்ணை வெட்டிப் பார்த்து, ஒரு சாண் ஆழத்துக்கு நனைந்திருந்தால் மட்டும் விதையுங்கள். ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு, வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ., ஆழம் 4 முதல் 5 செ.மீ. விதையை மிச்சம் பிடித்தால் சந்து விழுந்து களைதான் ஏறும். வேரழுகலைத் தடுக்க, கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலந்தால் போதும். அதோடு ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியையும் கலந்தால் அந்த நல்ல பூஞ்சாணமே செத்துப்போகும்.

பெரிய இழப்பு ஜிப்சத்தைப் போடாமல் விடுவதில் வருகிறது. யூரியாவுக்குக் கடன் வாங்குகிறவர்கள்கூட இதை வேண்டாத செலவு என்று ஒதுக்குகிறார்கள். மல்லாட்டைக் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதியைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக உறிஞ்சிக்கொள்ளும். வேர் எடுப்பது காய்க்குப் போய்ச் சேர்வதில்லை. ஜிப்சம் தரும் அந்தச் சுண்ணாம்புச் சத்து மண்ணில் கிடைக்காவிட்டால் கொடி செழித்து நின்றாலும் காய் பொக்காகும். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தைச் செடியின் தூரோரமாகப் போட்டு, களைகொத்தி மண் அணைக்க வேண்டும். நாற்பதாம் நாளையொட்டி நிலத்தில் ஈரம் இருக்கும்போது செய்வது நல்லது. பூவிலிருந்து நீண்டு காயாகும் விழுது மண்ணில் இறங்கிய பிறகு கொத்தினால் அறுபடும் ஒவ்வொரு விழுதும் ஒரு காய் நஷ்டம்.

வியாபாரி வந்து நிற்கிறார் என்று முற்றாத செடியைப் பிடுங்காதீர்கள். நாலைந்து செடியைப் பிடுங்கி ஓட்டை உடைத்துப் பாருங்கள். முக்கால்வாசிக் காய்களின் உட்புறம் கறுத்திருந்தால் அறுவடைக்குச் சரி. ரொம்பத் தள்ளிப்போட்டாலும் ஆபத்து: படராமல் கொத்தாக வளரும் ரகங்களுக்கு விதை உறக்கம் (முற்றியும் கொஞ்ச நாள் முளைக்காமல் இருக்கும் குணம்) இல்லை, ஒரு மழை பெய்தால் காய் நிலத்திலேயே முளைத்துவிடும்.

காயை ஆட்டினால் பருப்பு கலகலக்கும் வரை உலர்த்துங்கள். ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். பருப்பு உடையக் கூடாதென்று தோலுரிக்கும்முன் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். அந்த ஈரத்தில் பூஞ்சாணம் வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. பருப்பின் விலை விழுவதோடு நிற்காது. நஞ்சு பிண்ணாக்கில் தங்கி, மாடு வழியாகப் பாலிலும் இறங்கும்.