மாடிப்படிச் சுவரில் பீடிங் சட்டம்: கோணம் எடுப்பது, வெட்டுவது, ஒட்டுவது

ஹால் சுவரில் பீடிங் சட்டம் (பீடிங் என்னும் மெல்லிய அலங்காரப் பட்டைகளால் கட்டும் நாற்பக்கச் சட்டம்) ஒட்டிப் பழகியவர்கள்கூட மாடிப்படிக்கு வந்ததும் திணறிப்போவார்கள். ஹாலில் எல்லா மூலையும் 90 டிகிரி, அதனால் எல்லா வெட்டும் 45. படிச் சுவரில் சட்டம் படியோடு சேர்ந்து சாய்கிறது. நான்கு மூலையில் இரண்டு கூராகும், இரண்டு விரியும். 45-ஐ இங்கே மறந்துவிட வேண்டும். கோணத்தைச் சுவரிலிருந்தே எடுக்கத் தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் சாதாரண வேலைதான்.

முதலில் சாமான். தேக்கு, எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பிவிசி, பாலிஸ்டைரீன் (தெர்மாகோல் இனத்து பிளாஸ்டிக்) என்று பல வகை இருக்கிறது. முதல் தடவை செய்பவர்கள் பாலிஸ்டைரீன் வாங்குங்கள். எடை இல்லை, சின்னப் பல் ரம்பத்தில் வெண்ணெய் மாதிரி அறுபடும், கரையான் வராது. எம்டிஎஃப் ஈரம் பட்டால் உப்பிவிடும். மொட்டை மாடிக் கதவு வழியாகச் சாரல் அடிக்கும் படிக்கட்டுக்கு அது ஆகாது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூர் 90 கிலோமீட்டர்தான் என்பதால், டிசைன் பார்க்க அங்கே போகிறவர்கள் உண்டு. போங்கள், ஆனால் 8 அடி நீளத்தை பஸ்ஸில் கொண்டு வர நினைக்காதீர்கள், வழியிலேயே முறியும். தேவைக்கு மேல் பத்துக்கு ஒன்று சேர்த்தே வாங்குங்கள்.

சுவரில் சுண்ணாம்பு அடித்திருந்தால், பீடிங் வரும் கோட்டில் மட்டுமாவது சுரண்டிவிட்டு பிரைமர் பூசுங்கள். இல்லாவிட்டால் பசை சுண்ணாம்பைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது.

நூல் அடிப்பது

படிகளின் முன்விளிம்புகளைத் தொட்டுக்கொண்டு போகும் சாய்வுக் கோடுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். நம் ஊர்ப் பக்கத்து வீடுகளில் படிக்குக் கிரானைட் போட்டு விளிம்பைக் கொஞ்சம் வெளியே நீட்டியிருப்பார்கள்; அந்த நீட்டலின் நுனியிலிருந்து எடுங்கள். கீழ்ப்படியின் நுனிக்கு நேர் மேலே 10 அங்குலம், மேல்படியின் நுனிக்கு நேர் மேலே 10 அங்குலம் குறித்து, கலர் பொடி தடவிய நூலை இழுத்து அடியுங்கள். சட்டத்தின் அடிக்கோடு இது. எவ்வளவு உயரம் வேண்டுமோ அதே முறையில் மேல்கோடும் அடியுங்கள். சட்டத்தின் பக்கவாட்டுக் கோடுகளைத் தூக்குக்குண்டு வைத்துப் போடுங்கள். ரசமட்டமும் போதும், ஆனால் சின்ன மட்டத்தை நம்பி நீளக் கோடு போடக் கூடாது.

இடைவெளியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே 4 அங்குலம் விட்டால், மேலே கைப்பிடிக்கும் சட்டத்துக்கும் நடுவிலும் 4 விடத் தோன்றும். அதை நேர் செங்குத்தாக அளந்தால், சாய்வினால் கண்ணுக்குத் தெரிவது மூன்றேகால்தான். சரிவுக் கோட்டுக்கு மூலைமட்டம் வைத்து அளந்து 4 விடுங்கள். செங்குத்தாகப் பார்த்தால் அது 5-க்குச் சற்றுக் குறைவாக வரும்.

கோணம் எடுப்பது

படியின் உயரம் 7 அங்குலம், மிதிக்கும் அகலம் 10 அங்குலம் என்றால் சாய்வு 35 டிகிரி. அப்போது கூர் மூலை 55, விரிந்த மூலை 125. ஆனால் கணக்கை மட்டும் நம்பி வெட்டாதீர்கள். படி கட்டிய கொத்தனார் ஒவ்வொரு படியையும் ஒரே உயரத்தில் வைத்திருப்பார் என்பது நம்முடைய ஆசைதான்.

ஒரு அட்டையைச் சுவரில், செங்குத்துக் கோடும் சாய்வுக் கோடும் சந்திக்கும் இடத்தில் ஒட்டி, இரண்டு கோடுகளையும் அதன்மேல் நீட்டி வரையுங்கள். இவை சட்டத்தின் வெளி ஓரம். பீடிங் துண்டு ஒன்றைச் செங்குத்துக் கோட்டின் உள்பக்கம் ஒட்டினாற்போல் வைத்து, அதன் உள் ஓரத்தை வரையுங்கள். சாய்வுக் கோட்டிலும் அப்படியே. இப்போது வெளிக்கோடுகள் இரண்டும் ஒரு புள்ளியில் வெட்டும், உள்கோடுகள் இரண்டும் இன்னொரு புள்ளியில் வெட்டும். அந்த இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் அதுதான் வெட்டுக் கோடு. டிகிரியே தேவையில்லை. கூர் மூலைக்கு ஒரு அட்டை, விரிந்த மூலைக்கு ஒரு அட்டை.

கட்டிங் மெஷின் இருப்பவர்கள் கவனிக்க: மெஷின் அளவுகோலில் நேர் வெட்டுதான் பூஜ்யம். 35 டிகிரி படிக்கு விரிந்த மூலையை 27½-ல் வைத்து வெட்டலாம். கூர் மூலைக்கு 62½ வேண்டும். பெரும்பாலான மெஷின்கள் 50-ஐ ஒட்டியே நின்றுவிடும். அதனால் கூர் மூலைக்குக் கை ரம்பம்தான். ஒரு பிளைவுட் துண்டில் பீடிங் நுழையும் அகலம் விட்டு இரண்டு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து, அட்டையின் கோட்டை அதன்மேல் மாற்றி, ரம்பத்தால் ஒரு தடம் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டையும் அந்தத் தடத்தில் வைத்தே அறுக்கலாம். அதே கோணத்தில் எதிர்ச்சாய்வுத் தடமும் ஒன்று வேண்டும். ஒரு மூலையில் சேரும் இரண்டு துண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம்.

வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டின் பின்னாலும் 'மேல்', 'கீழ்', 'ஏறும் பக்கம்', 'இறங்கும் பக்கம்' என்று பென்சிலால் எழுதுங்கள். படி ஏறும் பக்கத்தில் மேல் மூலையும், இறங்கும் பக்கத்தில் கீழ் மூலையும் கூர். சாய்வுத் துண்டின் நீளத்தைச் சுவரில் சாய்வாகவே அளக்க வேண்டும்: கிடையாக 30 அங்குலம் உள்ள சட்டத்துக்குச் சாய்வுத் துண்டு 36½-க்குச் சற்று மேலே வரும். அளவில் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடவே வெட்டி, உப்புத்தாளில் தேய்த்துச் சேருங்கள்.

ஒட்டுவது

பசை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ரெக்சின், பிளைவுட் ஒட்டும் ரப்பர் பசையில் இருக்கும் கரைப்பான் பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பசை கேளுங்கள். நான்கு துண்டையும் முதலில் மாஸ்கிங் டேப் போட்டுச் சும்மா நிறுத்திப் பாருங்கள். இங்கே மூலைவிட்டம் அளந்து சரிபார்க்கும் பழக்கம் உதவாது, இரண்டும் சமமாக வரவே வராது. எதிரெதிர்ப் பக்கங்கள் சமமா, நிற்கும் துண்டு தூக்குக்குண்டோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். அப்புறம் சாய்வான கீழ்த்துண்டை முதலில் ஒட்டி, மற்றவற்றை அதன்மேல் கட்டுங்கள். பசை இறுகும் வரை டேப் இருக்கட்டும்.

தேக்கு பீடிங் என்றால் பசை மட்டும் தாங்காது. துளை போட்டு பிளக் வைத்து ஸ்குரூ முடுக்க வேண்டும். படிக்கட்டு லைட்டின் சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் மட்டும் துளைக்காதீர்கள், ஒயர் பைப் அப்படித்தான் போகும்.

மூலை இடுக்குகளுக்குச் சுவர்ப் பட்டி (புட்டி) வேண்டாம், காய்ந்ததும் கோடு விடும். பெயின்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலன்டை ஈர விரலால் வழித்துவிட்டு, காய்ந்த பிறகு பெயின்ட் அடியுங்கள். கூர் மூலையின் நுனியில் உப்புத்தாளை ஓட்டாதீர்கள், மழுங்கிவிடும்.