கடைசிப் பந்தில் கை உதறுகிறதா?

ஏழு பந்தையும் அசால்ட்டாகப் போட்டுவிட்டு, எட்டாம் நம்பர் கறுப்புப் பந்துக்குக் குனியும்போது கை உதறுவது, மேசைமேல் பந்துகளைக் கோலால் அடித்துப் பாக்கெட் என்ற குழிகளில் விழவைக்கும் பூல் ஆடுகிற எல்லோருக்கும் உண்டு. பதற்றம் முதலில் பிடிப்பது பின்கையை, அதாவது க்யூ என்ற அந்தக் கோலின் பின்பக்கத்தைப் பிடிக்கும் கையை. க்யூவை இறுக்குவோம், அது கோணிக்கொள்ளும். அடுத்தது தலை: பந்து விழுந்ததா என்று பார்க்கும் அவசரத்தில் அடி முடியுமுன்பே நிமிர்ந்துவிடும்.

அதனால் எந்தப் பாக்கெட், எவ்வளவு வேகம் என்பதை நின்றபடியே முடிவு செய்யுங்கள். நாம் க்யூவால் அடிக்கிற வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கும் என்பதையும்தான். கறுப்போடு அதுவும் விழுந்தால் ஆட்டமே போச்சு. க்யூ முனையில் சாக் தேய்த்து, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, அப்புறம் குனியுங்கள். விரல்கள் தளர்வாக இருக்கட்டும். அடிக்குமுன் க்யூவை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கும் ஒத்திகை வீச்சு வழக்கமாக எத்தனையோ அத்தனைதான். குனிந்தபிறகு சந்தேகம் வந்தால்? எழுந்து முதலிலிருந்து ஆரம்பியுங்கள். எதிராளி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.