ஐஸ் ஹாக்கி போட்டிக்கு நியாயமாக அட்டவணை போடுவது எப்படி?

16 அணிகளா? யோசிக்காமல் எட்டெட்டாக இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள். உலகச் சாம்பியன்ஷிப்பில் அப்படித்தான்: அணிக்கு 7 லீக் ஆட்டம், குழுவுக்கு முதல் நான்கு அணி காலிறுதிக்கு. தரவரிசையைப் பாம்பு மாதிரி வளைத்து இறக்குங்கள்: 1, 4, 5, 8 ஒரு பக்கம், 2, 3, 6, 7 மறுபக்கம், இப்படியே 16 வரை.

புள்ளியில் நான் 3-2-1-0 கட்சி. 60 நிமிடத்துக்குள் வென்றால் 3. கூடுதல் நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ (ஒவ்வொரு வீரராக வந்து கோல்கீப்பரோடு தனியாக மோதுவது) வென்றால் 2, தோற்றவருக்கு 1. எப்படி முடிந்தாலும் ஆட்டத்துக்கு மொத்தம் 3 புள்ளிதான். வெற்றிக்கு எப்போதும் 2, கூடுதல் நேரத் தோல்விக்கு 1 என்று வைத்தால், சமநிலையில் இழுத்தடிப்பதே இருவருக்கும் லாபமாகிவிடும். கடைசிப் பத்து நிமிடம் பார்க்கச் சகிக்காது.

புள்ளி சமமானால் முதலில் அவர்களுக்குள் நடந்த ஆட்டம், பிறகுதான் கோல் வித்தியாசம். மூன்று அணி சிக்கினால் அந்த மூன்றுக்கும் தனியாகக் குட்டிப் பட்டியல். கோல் வித்தியாசத்தை முன்னால் வைத்தால் பலவீனமான அணியை 12-0 என்று போட்டு மிதிப்பார்கள். பாவம், அந்தக் கோல்கீப்பர்.

பலரும் கோட்டைவிடுவது ஓய்வில். நேற்றிரவு ஆடிய அணியை, நேற்று ஓய்வெடுத்த அணியோடு இன்று பகலில் மோத விடாதீர்கள். அடுத்தடுத்த நாள் ஆட்டம் தவிர்க்க முடியாதென்றால் எல்லோருக்கும் சம எண்ணிக்கையில் வரட்டும். தாளில் அணிகளை வரிசையாகவும் நாட்களைப் பத்தியாகவும் எழுதி எண்ணிப் பாருங்கள், ஓரவஞ்சனை உடனே தெரியும். நடத்தும் நாட்டுக்கு மாலை நேர ஆட்டம் கொடுக்கலாம், டிக்கெட் விற்க வேண்டுமே! ஓய்வு நாளில் மட்டும் சலுகை கிடையாது.