ஆனர்ஸ் பட்டத்தை முதல் செமஸ்டரிலேயே தொலைக்காதீர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம், ராசிபுரம், நாமக்கல் வட்டாரத்தில் பிளஸ் டூவில் நல்ல கட் ஆஃப் வாங்கிப் பொறியியல் கல்லூரிக்குள் வருகிறவர்கள், படிப்பில் இனித் தங்களுக்குச் சிக்கல் இல்லை என்றே நினைக்கிறார்கள். முதலாண்டு வகுப்பில் நான் பார்ப்பது வேறு. 200க்கு 130 கட் ஆஃபில் வந்த பிள்ளை தட்டுத் தடுமாறிக் கரையேறிவிடுகிறது. 195 வாங்கிய பிள்ளை கணிதத்தில் தேறாமல் அரியர் வைத்துவிட்டு நிற்கிறது. திறமைக் குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. பள்ளியில் மதிப்பெண் வாங்கித் தந்த அதே பழக்கங்கள்தான் இங்கே காலை வாருகின்றன.

பலர் கவனிக்காத விதி ஒன்று இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி (படிப்புக்கும் தேர்வுக்குமான விதித்தொகுப்பு) சாதாரண பி.இ.க்கு மேலான பி.இ. ஆனர்ஸ் பட்டம் வேண்டுமானால், வழக்கமான பாடங்களுக்கு மேல் 18 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளி) கூடுதலாகப் படிக்க வேண்டும். சி.ஜி.பி.ஏ., அதாவது எல்லா செமஸ்டர்களுக்கும் சேர்த்து 10க்குக் கணக்கிடும் சராசரி, 7.5க்குக் குறையக்கூடாது. எல்லாப் பாடங்களிலும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். கூடுதல் பாடங்கள் தொடங்குவது ஐந்தாவது செமஸ்டரில் என்பதால், ஆனர்ஸ் பற்றி மூன்றாம் ஆண்டில் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் கடைசி நிபந்தனை முதல் செமஸ்டர் தேர்வு அறையிலேயே உங்களைப் பிடித்துக்கொள்கிறது. அங்கே ஒரு பாடம் போனால், பிறகு 9 சி.ஜி.பி.ஏ. வைத்திருந்தும் பயனில்லை. தன்னாட்சிக் கல்லூரிகளில் விதி சற்று மாறலாம். சேர்ந்த ஆண்டைப் பொறுத்தும் மாறும். சீனியர் அண்ணன் சொன்னதை நம்பி இருந்துவிட வேண்டாம். அவர் படிப்பது வேறு ஒழுங்குமுறையாக இருக்கக்கூடும். உங்கள் பேட்சுக்கு உரியதைத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தை நீங்களே படித்துப் பாருங்கள்.

இதே விதியால் சின்னப் பாடங்களும் பெரிய பாடங்களாகிவிடுகின்றன. 2021 ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டரில் ‘தமிழர் மரபு’ என்று ஒரு கிரெடிட் பாடம் உண்டு. நடுகல், தெருக்கூத்து, சங்க இலக்கியம் எல்லாம் தெரிந்ததுதானே என்று புத்தகத்தைத் திறக்காமலே போய் உட்காருபவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிரெடிட் பாடத்தில் விழுந்தாலும் அது அரியர்தான்.

அடுத்தது நேரம். எங்கள் பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளிகளைப் பற்றி ஊருக்கே தெரியும். விடியும் முன்னே மணி அடிக்கும், இரவு வரை படிப்பு நேரம், தினமும் ஒரு தேர்வு. எப்போது எதைப் படிப்பது என்பதை வேறு யாரோ முடிவு செய்து கொடுத்தார்கள். கல்லூரி விடுதியில் அந்த மணி இல்லை. வார்டன் வந்து விளக்கை அணைக்கச் சொன்னால் உண்டு, புத்தகத்தை எடு என்று சொல்ல மாட்டார். முதல் இரண்டு மாதம் இந்த விடுதலை இனிக்கத்தான் செய்யும். அதற்குள் கல்லூரியே நடத்தும் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு வந்து போய்விடுகிறது. பள்ளியில் கடைசிப் பரீட்சை ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்தது. இங்கே 2021 ஒழுங்குமுறைப்படி எழுத்துப் பாடங்களில் 40 மதிப்பெண் உள்மதிப்பீட்டுக்கு, 60 மட்டுமே செமஸ்டர் தேர்வுக்கு. ஆய்வகப் பாடங்களில் அது 60, 40 என்று தலைகீழாகிறது. ரெக்கார்டு நோட்டைக் கடைசி வாரத்தில் நண்பனைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று விடுகிறவர், தேர்வுக்கு முன்பே மதிப்பெண்ணை இழந்துவிடுகிறார்.

மனப்பாடம் எங்கே உடைகிறது என்பதை இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வகுப்பில் கண்ணாலேயே பார்க்கலாம். ஓர் அறுகோணப் பட்டகம். அதன் அடிப்பக்க விளிம்பு ஒன்று தரையில் பதிந்திருக்கிறது, அச்சு கிடைத்தளத்துக்கு 45 பாகை சாய்ந்திருக்கிறது. முன்தோற்றமும் மேல்தோற்றமும் வரைய வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள் தீர்த்து வைத்த கணக்கைப் பார்த்து, டிராஃப்டர் என்ற வரைகருவியை நகர்த்தி, கோடு பிசகாமல் வரைந்து பழகிவிடுகிறார்கள். தேர்வில் விளிம்புக்குப் பதிலாக மூலை தரையைத் தொடுகிறது என்று ஒரே ஒரு சொல் மாறியிருக்கும். எந்த விளிம்பு கண்ணுக்குத் தெரியும், எது மறைந்திருப்பதால் இடைவெளி விட்ட கோடாக வரும் என்பது அப்போது பிடிபடாது. அரை மணி நேரம் ரப்பரால் தேய்த்துத் தாளே கிழிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். இதற்குத் தனி வகுப்பு எதுவும் வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் பென்சிலே பெரும்பாலும் அறுகோணப் பட்டகம்தான். சீவாத முனையை மேசையில் ஊன்றிச் சாய்த்து, நேரே மேலிருந்தும் பிறகு முன்னாலிருந்தும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பார்த்ததை வரைந்தால் போதும்.

கணிதத்திலும் இதே கதைதான், சற்று மெதுவாகத் தெரியவரும். மேட்ரிக்ஸ் பகுதி பள்ளியில் படித்ததுபோல் இருப்பதால் முதல் சில வாரம் தைரியமாக இருப்பார்கள். பலமாறிச் சார்புகளும் இரட்டைத் தொகையிடலும் வந்த பிறகு புரியவில்லை என்பது புரியும். அப்போது சந்தேகம் கேட்க வேண்டிய ஆள்தான் கேட்பதில்லை. பள்ளியில் மற்றவர்கள் வந்து இவரிடம் கேட்டார்கள். இவர் எழுந்து கேட்டால் மதிப்பு குறைந்துவிடுமாம். இந்தக் கூச்சம் எனக்கு எரிச்சலைத் தருவது உண்டு. முதலாண்டில் உங்கள் கட் ஆஃபை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை, உறவினர்களைத் தவிர.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களின் கூச்சம் வேறு வகை, அதில் நியாயமும் உண்டு. தெரிந்த இயற்பியலே ஆங்கிலத்தில் அந்நியமாக நிற்கிறது. ஆங்கில வரையறைகளை அப்படியே உருப்போடுவதுதான் இவர்கள் செய்யும் தவறு. அரசின் பிளஸ் டூ பாடநூல் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து ஒரே பாடத்தைப் படித்தால், ஏற்கனவே தெரிந்த கருத்துக்கு ஆங்கிலச் சொல் மட்டும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

வருகைப்பதிவு பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. 75 சதவீதம் வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் முன்னும் பின்னும் நாலு நாள் சேர்த்துக்கொண்டால் கணக்கு வேகமாகக் கரையும். மன்றம், என்.எஸ்.எஸ்., கோடிங் குழு என்று கண்ணில் பட்டதிலெல்லாம் பெயர் கொடுக்கவும் வேண்டாம், எதிலும் சேராமல் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கவும் வேண்டாம். பிடித்தது ஒன்று போதும்.

உள்மதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்தால் வீட்டில் மறைப்பது இன்னொரு வழக்கம். கல்லூரியிலிருந்து தகவல் போன பிறகு, அப்பா வேலையை விட்டுவிட்டுக் சேலத்துக் கருப்பூருக்கோ ஜங்ஷனுக்கோ பஸ் பிடித்து வந்து நிற்கும்போதுதான் பேச்சே தொடங்குகிறது. நீங்களே முதலில் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு பாதியாகக் குறையும்.

ஏற்காட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்தும் தினமும் இறங்கி வந்து படிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. முதல் செமஸ்டர் தேர்வுகள் வடகிழக்குப் பருவமழை நாட்களிலும் வரலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. தேர்வுக்கு வர முடியாமல் போனால் அந்தப் பாடத்தை மறுபடி எழுதித்தான் ஆக வேண்டும். ஆனர்ஸுக்கு அதுவும் இடிக்கலாம். எனவே தேர்வு அட்டவணை வந்ததுமே சேலத்தில் அஸ்தம்பட்டியிலோ அம்மாபேட்டையிலோ இருக்கும் சித்தி வீட்டிலும் மாமா வீட்டிலும் சொல்லிவையுங்கள். அப்படி யாரும் இல்லாவிட்டால் அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் விடுதியில் இடம் தர முடியுமா என்று அக்டோபரிலேயே கேளுங்கள். மழை தொடங்கிய பிறகு கேட்டால் கட்டில் காலியாக இருக்காது.