மக்காச்சோளத்தில் பூசணம் பிடிக்காமல் சேமிப்பது எப்படி?

பெரம்பலூர்ப் பக்கம் விளையும் மக்காச்சோளத்தை வாங்க வரும் வியாபாரி, மூட்டைக்குள் கைவிட்டு முதலில் பார்ப்பது ஈரத்தைத்தான். காரணம் இருக்கிறது. மஞ்சள் கலந்த பச்சையாகப் படரும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூசணம் 10, 12 டிகிரியில் ஏறக்குறைய முடங்கிவிடும். 30 டிகிரியை ஒட்டி வேகமெடுக்கும். நம் ஊரில் வருடத்தில் பாதிக்கு மேல் அதே சூடுதான். வெயிலோடு மல்லுக்கட்ட முடியாது, ஈரத்தைக் குறைக்கலாம்.

படி 1: தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறிக் காயவையுங்கள். பொழுது சாய்வதற்குள் மூடிவிடுங்கள். பனி இறங்கினால் பகலில் போன ஈரம் திரும்ப ஏறும்.

படி 2: உப்புச் சோதனை. துளி ஈரமில்லாத, மூடியுள்ள கண்ணாடி பாட்டில் ஒன்று வேண்டும். தூள் உப்பை வாணலியில் சூடாக்கி ஆறவையுங்கள். குவியலின் நடுவிலும் அடியிலும் எடுத்த சோளத்தை மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, இரண்டு மூன்று ஸ்பூன் உப்பு போட்டு ஒரு நிமிடம் குலுக்குங்கள். 15 நிமிடம் அசையாமல் வையுங்கள். உப்பு கண்ணாடியில் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தால் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கு மேல். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் உப்பு கசியும். மணிகளுக்கு இடையே அடைபட்ட காற்று அந்த அளவை எட்டுவது சோளம் ஏறக்குறைய 15 சதவீதத்தில் இருக்கும்போது. பூசணத்துக்கும் கணக்கு அந்தக் காற்றுதான்.

உப்பு ஒட்டவில்லையா? அவசரப்பட்டு மூட்டை கட்டாதீர்கள். மாதக்கணக்கில் வைக்க 13 சதவீதம் வேண்டும். இன்னும் ஓரிரு வெயில் காட்டி, ஈரமானி வைத்திருப்பவரிடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: நிழலில் ஆறவிட்டுக் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் ராத்திரி மூட்டையின் வெளிப்புறம் குளிர்ந்து, உள்ளிருந்து வரும் வெப்பக் காற்று அங்கே வேர்த்துவிடும். நன்றாகக் காய்ந்த சோளமும் இப்படித்தான் மேல்பக்கம் பூத்துப்போகிறது.

படி 4: மரக்கட்டை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள்.

படி 5: அவ்வப்போது மூட்டைக்குள் கைவிட்டுப் பாருங்கள். ஓரிடம் மட்டும் கதகதப்பாக இருந்தால் பெரும்பாலும் வண்டு வேலை. வண்டு மூச்சுவிட்டே சூடும் ஈரமும் சேரும், பின்னாலேயே பூசணம் வரும். உடனே பிரித்துக் காயப்போட்டு, வண்டைச் சலித்து எடுங்கள்.

சரி, ஏற்கெனவே பச்சை படிந்ததைக் கழுவி, வேகவைத்துக் கோழிக்குப் போடலாமா? கூடாது. அந்தப் பூசணம் சுரக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு சமையல் சூட்டுக்கு அசையாது. மேலே துடைத்தாலும் மணிக்குள் தங்கியிருக்கும். இந்திய உணவு விதியில் தானியத்துக்கு அனுமதியே கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்தான். முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ளி, ஆடு மாடு கிளறாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.